ஈ ஏறுது டீயில்

1987-ல் நான் ஒன்பதாம் வகுப்பு. பாளையங்கோட்டையில் நம் விடுதியின் பிரேயர் ஹால் மூலையில், துணி உறை போட்ட கிட்டார் ஒன்று சாய்ந்திருக்கும். பாட்டுக்குழுவில் வாசிக்கும் பிளஸ் டூ அண்ணன் ஒருவர்தான் அதைத் தொடுவார். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், "எனக்கும் சொல்லித் தாங்கண்ணே" என்று போய் நின்றேன்.

"முதல்ல தந்தி பேரைப் படி" என்றார். மடியில் வைத்தால் மேலே இருக்கும் தடித்த தந்திதான் ஒன்று என்று நினைத்திருந்தேன். அது ஆறாவதாம். "மாடியை எங்கேருந்து எண்ணுவே? தரையிலேருந்துதானே? அப்படி எண்ணு." தரைப்பக்கம் இருக்கும் மெல்லிய தந்தி ஒன்று. இதைவிட நல்ல விளக்கம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

தடித்ததிலிருந்து வரிசையாக ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. அதற்கு அவர் கட்டிய வாக்கியம்: "ஈ ஏறுது டீயில், ஜீனி பிடிக்குது ஈ." இரண்டே நாளில் வாய்க்கு வந்துவிட்டது. காதுக்கு வரவில்லை.

பி தந்தியைச் சுருதி கூட்டச் சொன்னார். மீட்டினேன், தந்தியை முறுக்கும் கீயைத் திருகினேன், சத்தம் மாறவே இல்லை. இன்னும் திருகினேன். பட்டென்று பக்கத்துத் தந்தி அறுந்து புறங்கையில் சுள்ளென்று ஒரு கோடு போட்டது. நான் திருகியது ஒன்றாம் தந்தியின் கீ. அண்ணன் திட்டவில்லை. தன் டிரங்குப் பெட்டியிலிருந்து புதுத் தந்தி எடுத்து வந்து, என்னையே மாட்டச் சொன்னார்.

அப்புறம் பாடம் மாறியது. நான் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். அவர் ஒரு தந்தியை மீட்டுவார். நான் பெயர் சொல்ல வேண்டும். இரண்டு ஈ-க்கும் நடுவே இரண்டு ஸ்தாயி, ஒவ்வொன்றுக்கும் அதிர்வு இரட்டிக்கும்: தடித்தது விநாடிக்குச் சுமார் 82 முறை அதிரும், மெல்லியது 330. கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டிகள்தான் ஃப்ரெட். ஐந்தாவது ஃப்ரெட்டில் அழுத்தினால் அடுத்த தந்தியின் சுரம் பேசும். ஜி-யில் மட்டும் நான்காவது. அந்த ஜி-யும் பி-யும் பிடிபடத்தான் எனக்கு ஒரு மாதம் ஆனது.

லீவில் வீணை வாசிக்கும் அத்தையிடம் இதைச் சொன்னேன். சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் என்று தன் தந்திகளைத் தொட்டுக் காட்டினார். "எங்களுக்கும் மெல்லிசுதான்டா முதல்" என்றார். ஊர்விட்டு ஊர் வந்த இடத்தில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

இப்போது என் மகள் கற்கிறாள். எந்தத் தந்தி என்று ஃபோனே எழுத்தில் காட்டிவிடுகிறது. நான் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவளைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்கிறேன். நேற்று ஜி-யையும் பி-யையும் மாற்றிச் சொன்னாள்.

அண்ணே, நம் விடுதி மலராக வரும் இந்த இதழ் உங்கள் கைக்கு வந்தால் ஒரு வரி எழுதுங்கள். உங்கள் ஈ இங்கேயும் டீயில் ஏறிக்கொண்டிருக்கிறது.