மாவட்டம் மறைந்தது, அதன் மேற்கு எல்லை மட்டும் நிலைத்தது

ஜெர்மனியின் ஆகன் நகரத்துக்குக் குடிவந்த புதிதில், தெருவில் நிற்கும் கார்களின் எண் பலகையில் ஊரைக் குறிக்கும் எழுத்துகளைப் படித்து, எந்தக் கார் எந்த மாவட்டத்திலிருந்து வந்திருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் எனக்கு இருந்தது. அவற்றில் 'எம்ஓஎன்' என்ற மூன்றெழுத்து மட்டும் என்னைக் குழப்பியது. அது மோன்ஷாவைக் குறிக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு, வரைபடத்தில் மோன்ஷாவ் மாவட்டத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. 1956-இல் கொடுக்கப்பட்ட அந்த எழுத்துகளுக்கு உரிய மாவட்டம் 1972 தொடங்கிய நாளிலேயே கலைக்கப்பட்டுவிட்டது. 2012-இல் பழைய எழுத்துகளை மீண்டும் வழங்கலாம் என்று விதி தளர்ந்தபின், இல்லாத மாவட்டத்தின் பெயரை மக்கள் விரும்பிக் கேட்டு வாங்கித் தங்கள் வண்டிகளில் பொருத்திக்கொண்டிருக்கிறார்கள். அந்த விருப்பத்தின் காரணத்தைத் தேடித்தான் இந்தச் சிறு மாவட்டத்தின் நிர்வாக வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன்.

ஜெர்மனியில் மாவட்டத்துக்குக் 'கிரைஸ்' என்று பெயர். அந்தச் சொல்லின் நேர்ப்பொருள் வட்டம். நாமும் வட்டம் என்ற சொல்லை ஒரு நிர்வாகப் பிரிவுக்கு வைத்திருக்கிறோம் என்றாலும், ஊராட்சிகளுக்கு மேலும் மாநில அரசுக்குக் கீழும் இருந்து சாலை, பள்ளி, மருத்துவமனை முதலியவற்றைக் கவனிக்கும் கிரைஸின் இடம் நம் மாவட்டத்துக்கே நெருக்கமானது. மோன்ஷாவ் மாவட்டம் ஆகனுக்குத் தெற்கே, ஐஃபல் மலைப்பகுதியில், பெல்ஜிய எல்லையை ஒட்டி இருந்தது. மேற்கே ஹோஹே ஃபென் என்னும் சதுப்பு மேட்டுநிலம். நடுவே ரூர் என்ற சிற்றாறு. நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பேர்போன ரூர் ஆறு வேறு, இது வேறு. அந்த ஆற்றின் குறுகலான பள்ளத்தாக்கில், மரச்சட்டமிட்ட வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் மோன்ஷாவ் என்ற சிற்றூர்தான் மாவட்டத் தலைநகர்.

பிரெஞ்சுப் புரட்சிப் படைகள் 1794-இல் வருவதற்கு முன்பு, இந்த மலைப்பகுதி பல ஆட்சியாளர்களின் கீழ்ச் சிதறிக் கிடந்தது. மோன்ஷாவும் அதைச் சுற்றிய ஊர்களும் 15-ஆம் நூற்றாண்டிலிருந்து யூலிஷ் சிற்றரசுக்கு உட்பட்டிருந்தன. வடமேற்கே இருந்த ஓய்ப்பன், ஆஸ்திரிய நெதர்லாந்தின் பகுதியான லிம்பர்க் சிற்றரசைச் சேர்ந்தது. தென்மேற்கே இருந்த மல்மெடி, ஸ்தாவ்லோ-மல்மெடி என்ற மடத்தின் ஆட்சியில் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் இந்தப் பழைய ஆட்சிகள் எல்லாவற்றையும் துடைத்தெறிந்துவிட்டு, நாட்டைத் தெப்பார்த்மான் என்னும் பிரிவுகளாக வகுத்தார்கள். ஆனால் வகுத்தபோது மோன்ஷாவ், ஆகனைத் தலைநகராகக் கொண்ட ரூர் தெப்பார்த்மானுக்குப் போனது. ஓய்ப்பனும் மல்மெடியும், லியேழைத் தலைநகராகக் கொண்ட, 'ஊர்த்' என்று பெயர்கொண்ட தெப்பார்த்மானுக்குப் போயின. ஆட்சியாளர்கள் போனார்களே தவிர, அவர்களுக்கிடையே இருந்த கோடு ஏறக்குறைய அப்படியே தங்கிவிட்டது.

நெப்போலியனின் வீழ்ச்சியை ஒட்டிக் கூடிய வியன்னா மாநாட்டுக்குப் பிறகு இந்த நிலம் முழுவதும் ஜெர்மன் அரசுகளுள் ஒன்றான பிரஷ்யாவுக்கு வந்தது. 1816-இல் பிரஷ்ய அதிகாரிகள் ஆகன் மண்டலத்தை மாவட்டங்களாகப் பிரித்தபோது, மோன்ஷாவ், ஓய்ப்பன், மல்மெடி மூன்றும் தனித்தனி மாவட்டங்களாயின. பழைய கோடு மூன்றாம் முறையாகவும் பயன்பட்டது. அப்போது அதற்கு எந்த அரசியல் கனமும் கிடையாது. ஒரே அரசின் ஒரே மண்டலத்துக்குள், எந்த ஊரின் வரிக்கணக்கு எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பதை மட்டுமே அது சொன்னது. அந்த அலுவலகக் கோடு ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு என்னவாயிற்று என்பதுதான், என் பார்வையில், இந்த மாவட்ட வரலாற்றின் உயிர்ப்பகுதி.

மாவட்டத்தின் தலைவர் லாண்ட்ராட் எனப்பட்டார். அவரை நியமித்தவர் பிரஷ்ய மன்னர். மாவட்டத்துக்கு அன்றைய பெயர் மோன்ஜ்வா. பிரெஞ்சுச் சொல்போல ஒலிக்கும் அந்தப் பெயர் பிரெஞ்சு ஆட்சிக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. ஆனாலும் பிரெஞ்சு ஆட்சியின் தடங்கள் வேறு வகையில் தங்கின. பல ஊர்களை ஒரே மேயரின் கீழ்ச் சேர்க்கும் முறையை, இந்த மாவட்டம் அடங்கிய ரைன்லாந்து விடாமல் வைத்துக்கொண்டது. நெப்போலியனின் உரிமையியல் சட்டம் இங்கே 1900 வரை செல்லுபடியானது. பிரஷ்யாவின் புதிய மாவட்டச் சட்டம் கிழக்கு மாகாணங்களில் 1872-இலேயே நடைமுறைக்கு வந்தும், ரைன் மாகாணத்துக்கு 1887-இல்தான் வந்து சேர்ந்தது. இதற்கிடையே ஊரின் செல்வம் கரைந்துகொண்டிருந்தது. 18-ஆம் நூற்றாண்டில் மோன்ஷாவின் கம்பளித் துணி ஐரோப்பாவெங்கும் விலைபோனது. ஷைப்லர் என்ற துணி வணிகக் குடும்பம் கட்டிய சிவப்பு மாளிகையை இன்றும் பார்க்கலாம். ஆற்றோரத்துப் பட்டறைகளால் பெரிய ஆலைகளோடு போட்டியிட முடியவில்லை. இரயிலும் வெகுகாலம் வரவில்லை.

1885-இல் இரயில் வந்தது. ஆகனிலிருந்து புறப்பட்டு, ஓய்ப்பன் மாவட்டத்தின் ரேரன் வழியாக மோன்ஷாவ் மாவட்டத்துக்குள் நுழைந்து, ரோட்கன், லாமர்ஸ்டோர்ஃப், கொன்ட்ஸென், கால்டர்ஹெர்பெர்க் ஆகிய நிலையங்களைத் தொட்டு, மல்மெடி மாவட்டத்துக்குள் இறங்கும் அந்தத் தடத்துக்கு ஃபென்பான் என்று பெயர். பொறியாளர்கள் மலையின் சரிவைப் பார்த்துத் தண்டவாளம் போட்டார்கள். மாவட்ட எல்லையைப் பார்க்க வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. மூன்று மாவட்டங்களும் பிரஷ்யாவுடையவை. வழியில் எத்தனை முறை எல்லையைக் கடந்தால் என்ன?

முதல் உலகப்போர் முடியும் தறுவாயில், 1918-இல், பேரரசரின் ஆணையால் மோன்ஜ்வா என்ற பெயர் ஜெர்மன் ஒலிக்கேற்ப மோன்ஷாவ் என்று மாறியது. சில மாதங்களில் பேரரசே இல்லாமல் போனது. பெயர் மட்டும் நின்றது.

போரை முடித்துவைத்த வெர்சாய் உடன்படிக்கை 1920 ஜனவரி 10 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஓய்ப்பன், மல்மெடி ஆகிய இரு மாவட்டங்களும் பெல்ஜியத்துக்குச் சென்றன. உடன்படிக்கை எழுதியவர்கள் மலையையும் ஆற்றையும் அளந்து புதுக்கோடு வரையவில்லை. 'கிரைஸ்' என்ற நிர்வாக அலகையே எடுத்துக் கைமாற்றினார்கள். மோன்ஷாவ் மாவட்டம் பட்டியலில் இல்லை. எனவே அது ஜெர்மனியிலேயே நின்றது. யூலிஷுக்கும் லிம்பர்க்குக்கும் இடையே இருந்த கோடு, இரண்டு தெப்பார்த்மான்களுக்கு இடையே இருந்த கோடு, வரிக்கணக்குக்காகப் பிரஷ்ய எழுத்தர்கள் தொடர்ந்து பயன்படுத்திய கோடு, ஒரே நாளில் இரண்டு நாடுகளுக்கு இடையேயான எல்லையாகிவிட்டது. அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் வீடு இருக்கிறதோ, அதைப் பொறுத்துக் குடியுரிமையே மாறியது. பெல்ஜியத்துக்குச் சென்ற மக்களிடம், எதிர்ப்பு இருந்தால் அரசு அலுவலகத்தில் திறந்திருந்த பதிவேட்டில் பெயரெழுதிக் கையெழுத்திடலாம் என்று சொல்லப்பட்டது. ஏறத்தாழ 33,700 பேரில் 271 பேர் மட்டுமே கையெழுத்திட்டார்கள். யார் எதிர்க்கிறார் என்பது ஆட்சியாளர்களுக்குப் பெயரோடு தெரிந்துவிடும் அந்த முறையை மக்கள் கருத்தறிதல் என்று ஏற்க என் மனம் ஒப்பவில்லை.

ஆனால் இரயில் பாதை அந்தக் கோட்டை மதிக்காமல் போடப்பட்டிருந்தது. பெல்ஜியத்துக்குப் போன ஓய்ப்பனையும் மல்மெடியையும் இணைத்த அந்த ஒரே தடத்தின் நடுப்பகுதி ஜெர்மனியின் மோன்ஷாவ் மாவட்டத்துக்குள் கிடந்தது. ஏழு பேர் கொண்ட எல்லைக் குழு, களத்தில் கோட்டை நிர்ணயிக்கும்போது பொருளாதார நிலையையும் போக்குவரத்து வழிகளையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்று உடன்படிக்கையே சொல்லியிருந்தது. பெல்ஜியம் அந்த வாசகத்தைப் பிடித்துக்கொண்டது. ஜெர்மனி கடுமையாக எதிர்த்தது. நீண்ட பேச்சுகளின் முடிவில், தண்டவாளமும் நிலையங்களும் அவை கிடந்த மெல்லிய நிலக்கீற்றும் பெல்ஜியத்துக்கு உரியவை ஆயின. அந்தக் கீற்றுக்கு மேற்கே இருந்த ஊர்கள் ஜெர்மனியிலேயே நீடித்தன. இப்படித்தான் ம்யூட்ஸனிஷ் என்ற ஊர், நாற்புறமும் பெல்ஜியம் சூழ்ந்த ஜெர்மன் தீவானது. அந்த ஊர்க்காரர் தம் மாவட்டத் தலைநகரான மோன்ஷாவுக்கு ஒரு மனுவோடு போக வேண்டுமென்றால், வழியில் சில அடி தூரம் வேற்று நாட்டை மிதித்துத்தான் போக வேண்டும்.

அதன்பிறகு மோன்ஷாவ் மாவட்டம், பெரிய மாறுதல் இல்லாமல், ஓர் எல்லையோர மாவட்டமாகவே வாழ்ந்தது. 1932-இன் சிக்கனச் சீர்திருத்தத்தில் ஆகன் மண்டலத்தின் கைலன்கிர்ஷன், ஹைன்ஸ்பெர்க் மாவட்டங்கள் ஒன்றாக்கப்பட்டபோதும் மோன்ஷாவ் தப்பியது. 1940 மே மாதத்தில் ஹிட்லரின் ஆட்சி ஓய்ப்பனையும் மல்மெடியையும் மீண்டும் இணைத்துக்கொண்டபோது, எல்லை நான்கு ஆண்டுகளுக்கு மறைந்தது. 1944 செப்டம்பர் 12 அன்று அமெரிக்கப் படை ரோட்கனுக்குள் நுழைந்தது. மேற்கிலிருந்து வந்த நேச நாட்டுப் படைகள் முதலில் கைப்பற்றிய ஜெர்மன் ஊர்களில் அதுவும் ஒன்று. மோன்ஷாவ் நகரம் அதிகச் சேதமின்றிப் பிழைத்தது. மாவட்டத்தின் கிழக்கு ஊர்களுக்கு அந்த நல்வாய்ப்பு இல்லை. ஷ்மிட், ஃபோஸனாக், கெஸ்டர்னிஷ் ஆகிய ஊர்கள் அந்தக் குளிர்காலச் சண்டையில் தரைமட்டமாயின.

போருக்குப் பின் பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதியில் சேர்ந்த இந்த மாவட்டம், 1946-இல் பிறந்த வடரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தின் உறுப்பாயிற்று. பிரிட்டிஷார் தங்கள் நாட்டு வழக்கப்படி மாவட்டத் தலைமையை இரண்டாகப் பிரித்தார்கள்: லாண்ட்ராட் என்பவர் மாவட்ட மன்றம் தேர்ந்தெடுக்கும் ஊதியமற்ற தலைவரானார், அலுவலகத்தை நடத்தும் பொறுப்பு ஓபர்கிரைஸ்டிரெக்டர் என்ற அதிகாரிக்குப் போனது. மக்களின் அன்றாட வாழ்வையோ எல்லைதான் ஆட்டிவைத்தது. ஜெர்மனியில் காப்பிக்கு வரி மிக அதிகம்; பெல்ஜியத்தில் காப்பி மலிவு. இரவில் சதுப்பு நிலத்தைக் கடந்து காப்பிக்கொட்டை மூட்டைகளைச் சுமந்து வந்தவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். சுங்கக் காவலரின் துப்பாக்கிச் சூட்டில் பலர் உயிரிழந்தார்கள். 1953-இல் வரி பெருமளவு குறைக்கப்பட்ட பிறகே அது ஓய்ந்தது. போரில் இடிந்த ஷ்மிட் ஊரின் தேவாலயம் மீண்டும் எழுந்தபோது, கட்டுமானத்துக்குக் காப்பிப் பணமும் உதவியதால், அதற்கு 'புனித மோக்கா' என்ற பட்டப்பெயர் நிலைத்தது. பட்டினியும் இடிபாடும் சூழ்ந்த ஊரில் அந்த மக்கள் வேறு எங்கே போயிருக்க முடியும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1960-களின் பிற்பகுதியிலிருந்து மேற்கு ஜெர்மனி முழுவதும் மாவட்டச் சீர்திருத்தம் நடந்தது. நாட்டில் இருந்த 425 ஊரக மாவட்டங்கள் சுமார் 235 ஆகக் குறைந்தன. சிறிய மாவட்டங்களால் நவீன நிர்வாகத்தின் செலவைத் தாங்க முடியாது என்பது அரசின் வாதம். மாநிலத்தின் மிகச் சிறிய மாவட்டங்களில் ஒன்றான மோன்ஷாவுக்கு எதிராக அந்த வாதம் வலுவாகவே இருந்தது. 1971 டிசம்பரில் நிறைவேறி 1972 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த ஆகன் சட்டம், மோன்ஷாவ், யூலிஷ், எர்கலென்ஸ், ஷ்லைடன் ஆகிய மாவட்டங்களைக் கலைத்தது. மோன்ஷாவ், ஸிம்மராத், ரோட்கன் என்ற மூன்று விரிந்த ஊராட்சிகள் உருவாகி ஆகன் மாவட்டத்தில் சேர்ந்தன. ஸ்வைஃபால், ஷ்டோல்பெர்க் நகருக்குள் போனது. ஷ்மிட்டும் ஃபோஸனாக்கும் டூரன் மாவட்டத்துக்குப் பிரிந்தன.

கணக்குப்படி இந்தச் சீர்திருத்தம் சரியானதாகவே இருக்கலாம். ஆனால் ஏழு மாதங்களில் ஆகன் மண்டலமும் கலைக்கப்பட்டுக் கொலோன் மண்டலத்தில் சேர்க்கப்பட்டபோது, ஒரு மலையூர்க்காரருக்கு மாவட்ட அலுவலகம் பள்ளத்தாக்கிலிருந்து ஆகனுக்கும், மண்டல அலுவலகம் ஆகனிலிருந்து கொலோனுக்கும் ஒரே ஆண்டில் விலகிப் போயின. எம்ஓஎன் எழுத்துகளை இன்று கேட்டு வாங்குபவர்களைப் பார்க்கும்போது, அந்த விலகல்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. 2009 அக்டோபரில் ஆகன் மாவட்டமும் மறைந்து, ஆகன் நகரத்தோடு சேர்ந்து பத்து ஊராட்சிகள் கொண்ட நகரப்பகுதியாயிற்று. வடரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநில நிர்வாக அடுக்கில் மோன்ஷாவ் என்ற பெயருக்கு இப்போது ஓர் ஊராட்சியின் தகுதி மட்டுமே இருக்கிறது.

ஃபென்பானில் இரயில்கள் நின்றுபோயின. தண்டவாளம் எடுக்கப்பட்டு, ஆகனிலிருந்து லக்சம்பர்க்கின் வடபகுதி வரை 125 கிலோமீட்டர் நீளத்துக்கு மிதிவண்டிப் பாதை போடப்பட்டிருக்கிறது. போன கோடையில் அதில் ரோட்கனிலிருந்து கால்டர்ஹெர்பெர்க் வரை போனேன். இரயில் போனபின்னும் அந்தக் கீற்று நிலம் பெல்ஜியத்துடையதாகவே இருக்கிறது. அதற்கு மேற்கே ஐந்து ஜெர்மன் தீவுகள் இன்றும் இருக்கின்றன, அவற்றுள் ம்யூட்ஸனிஷ் பெரியது. கொன்ட்ஸெனைத் தாண்டியதும் வண்டியை நிறுத்திவிட்டு மேற்கே சற்று நடந்து, புல்லுக்குள் பாதி மறைந்திருந்த ஓர் எல்லைக்கல்லைக் கண்டேன். ஒரு பக்கம் பெல்ஜியத்தைக் குறிக்கும் 'பி', மறுபக்கம் ஜெர்மனியைக் குறிக்கும் 'டி' என்று எழுத்துகள் பொறித்திருந்தன. மாவட்டத்தின் வடக்கு, கிழக்கு, தெற்கு எல்லைகளை இன்று நிலத்தில் யாராலும் காட்ட முடியாது.