ஓடுபவரின் இடுப்பு: மார்ச் நாட்குறிப்பு

மார்ச் 3, செவ்வாய்

அதிகாலையில் வெள்ளவத்தையிலிருந்து மரைன் டிரைவ் வழியாகக் கொள்ளுப்பிட்டி வரை ஓடி நின்றபோது, என்னுடன் ஓடும் தம்பி முதுகில் கைவைத்து, "நாரி பிடிக்குது அண்ணை" என்றார். நாள் முழுவதும் கதிரையில் இருந்து வேலை செய்பவர் அவர். தொடையை முன்னே தூக்கும் சோவாஸ் தசை கீழ்முதுகு முள்ளெலும்புகளில் தொடங்கி, இடுப்பைக் கடந்து, தொடையெலும்பின் உட்பக்கத்தில் சேர்கிறது. அது இறுகியிருந்தால், கால் பின்னே நீளும் ஒவ்வோர் அடியிலும் இடுப்பு விட்டுக்கொடுக்காத அளவைக் கீழ்முதுகு வளைந்து ஈடுசெய்ய நேரிடும். நாரி நோவுக்கு வேறு காரணங்களும் உண்டு. நோவு காலுக்கு இறங்கினாலோ கால் விறைத்தாலோ, நீட்சிப் பயிற்சியை நம்பியிராமல் மருத்துவரிடம் போவதே முறை.

மார்ச் 4, புதன்

தம்பியைச் சாப்பாட்டு மேசையின் விளிம்பில் மல்லாக்கப் படுக்கவைத்து, ஒரு முழங்காலை நெஞ்சோடு அணைத்து, மற்றக் காலைத் தொங்கவிடச் சொன்னேன். 19ஆம் நூற்றாண்டு அறுவைமருத்துவர் ஹியூ ஓவன் தாமஸின் பெயரால் வழங்கும் சோதனை இது. தொடை மேசையில் படியாமல் உயர்ந்தே நின்றது. முழங்கால் நன்றாக மடங்கித் தொங்கியதால், இறுக்கம் முன்தொடைத் தசையைவிட இடுப்பின் ஆழத்திலேயே இருக்கிறது என்று கொண்டேன்.

மார்ச் 6, வெள்ளி

பாயில் ஒரு முழங்காலை ஊன்றி, மற்றப் பாதத்தை முன்னே வைக்கும் நீட்சியைப் பழகினோம். பலரும் செய்வதுபோல அவரும் உடம்பை முன்னே தள்ளினார், முதுகுதான் வளைந்தது. பிறகு, ஊன்றிய காலின் பக்கத்துப் பிட்டத் தசையை இறுக்கி, வாலெலும்பை உள்ளே இழுத்து, பெல்ட்டின் முன்பக்கம் நெஞ்சை நோக்கி எழும்படி நிமிரச் சொன்னேன். இரண்டு விரற்கடை கூட முன்னே நகராமலே கவட்டின் முன்புறம் இழுபட்டது. "இஞ்சதான் அண்ணை!" என்று அவர் தொட்டுக் காட்டினார். மூச்சை அடக்காமல் 30 வினாடி, பிறகு மற்றப் பக்கம். எவ்வளவு தூரம் சாய்கிறோம் என்பதை விட எந்த இடத்தில் இழுக்கிறது என்பதையே கவனிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மார்ச் 8, ஞாயிறு

காலிமுகத்திடலில் ஓடுமுன், காலை முன்னும் பின்னும் வீசுவதையும் நீண்ட அடி வைத்துத் தாழ்ந்து நடப்பதையும் மட்டும் செய்தோம். ஒரு தசையை 60 வினாடிக்கு மேல் அசையாமல் நீட்டிப் பிடித்தால் அதன் வலு சற்று நேரம் குறையக்கூடும் என்பதால், அதை ஓட்டத்துக்குப் பின் வைத்துக்கொள்வது நல்லது. நீட்சியால் கிடைக்கும் அசைவைப் பயன்படுத்தப் பிட்டத் தசைக்கும் வலு வேண்டும். ஆகவே மல்லாந்து படுத்து, பாதங்களை ஊன்றி, இடுப்பை உயர்த்தும் பயிற்சியையும் சேர்த்திருக்கிறோம். வேறுபாடு தெரிய வாரங்கள் செல்லும். மேசைச் சோதனையை ஏப்ரலில்தான் மறுபடி செய்வதாக இருக்கிறோம்.