அல்ட்ராவுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் தேவையா?

வேலூர் சத்துவாச்சாரியில் கல்யாண வீடியோ எடிட் பண்ணும் தம்பி ஒருவன், கடன் வாங்கியாவது ஆப்பிளின் எம்3 அல்ட்ரா சிப் போட்ட மேக் ஸ்டுடியோ கம்ப்யூட்டரை எடுத்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். 2025 மார்ச்சில் வந்தது, இரண்டு எம்3 மேக்ஸ் சிப்பை ஒட்டவைத்தது, வேலையைப் பங்கு போட்டுச் செய்யும் கோர் 32 வரை. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் கூடவே ஏறக்குறைய பாதி ஆரம்ப விலையில் இறங்கிய எம்4 மேக்ஸ் மேக் ஸ்டுடியோ, ஒற்றைக் கோர் வேகத்தில் அதையே முந்துகிறது, டைம்லைனில் இழுத்து வெட்டி ஒட்டும்போது கைக்குத் தெரிவது பெரும்பாலும் அந்த வேகம்தானே!

512 ஜிபி வரை மெமரியோடு அல்ட்ராவை அறிவித்தார்களே, அது வீட்டிலேயே பெரிய ஏஐ மாடல் ஓட்டுகிறவர்களுக்கு. அவர்களுக்கு நிஜமாகவே அது பெரிய விஷயம். தாலி கட்டும் சீனை ஸ்லோமோஷன் ஆக்க எதற்கு? அப்புறம், வாங்கும்போது எடுத்த மெமரிதான் கடைசிவரை, பின்னால் சேர்க்க முடியாது.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். 350 வாட் ஏஎம்டி த்ரெட்ரிப்பர் சிப் போட்ட பிசியை வேலூர் அக்னி நட்சத்திரத்தில் ஏசி இல்லாமல் ஓட்டுவதைவிட இந்த அல்ட்ரா சத்தமில்லாமல் வேலை பார்க்கும். சரி, எம்4 மேக்ஸே எடு தம்பி, மிச்சக் காசில் கரண்ட் போனதும் கீச்கீச்சென்று கத்தும் அந்த யூபிஎஸ்ஸை முதலில் மாற்று.