வைட்டமின் ஏ2: விலங்கியல் தேர்வில் மதிப்பெண் நழுவும் இடங்கள்

ஏ2 பற்றிக் கேள்வி வந்தால் பலரும் அது காணப்படும் நன்னீர் மீன்களின் பெயர்களை அடுக்கித்தான் விடையைத் தொடங்குகிறார்கள். பெயர் மறந்தால் விடை அங்கேயே நின்றுவிடும். கட்டமைப்பிலிருந்து தொடங்குங்கள், மற்றவை தானாக வரும்.

ரெட்டினாலின் (இதுவே வைட்டமின் ஏ1) ஒரு முனையிலுள்ள அயனோன் வளையத்தில் 3, 4 ஆகிய கார்பன்களுக்கு இடையே ஓர் இரட்டைப் பிணைப்பு கூடினால் அது ஏ2, அதாவது 3,4-டீஹைட்ரோரெட்டினால். ஹைட்ரஜன் அணுக்கள் 30இலிருந்து 28 ஆகக் குறைகின்றன. படம் வரையும்போது இந்தப் பிணைப்பைப் பக்கச் சங்கிலியில் போட்டுவிடாதீர்கள். இங்கேதான் பெரும்பாலான பிழை. ஒன்றுவிட்டு ஒன்றாக அமையும் இரட்டைப் பிணைப்புகள் 5இலிருந்து 6 ஆவதால் எலக்ட்ரானைக் கிளர்த்தக் குறைந்த ஆற்றல் போதும், உறிஞ்சும் அலைநீளம் நீள்கிறது: ஏ1க்கு 325 நானோமீட்டர், ஏ2க்கு 350.

விழித்திரையிலும் இதே கணக்குதான். பார்வை நிறமியின் புரதமான ஆப்சின் அப்படியே இருக்க, அதில் பிணைந்த ரெட்டினல் (ரெட்டினாலின் ஆல்டிஹைடு வடிவம்) மட்டும் ஏ2 வடிவத்துக்கு மாறினால், குச்சி செல்களின் உச்ச உறிஞ்சல் சுமார் 500இலிருந்து 522 நானோமீட்டருக்கு நகரும். ஏ1 வடிவ நிறமியான ரோடாப்சினுக்குப் பதில் கிடைக்கும் இந்த நிறமிதான் போர்ஃபைராப்சின். 1930களில் ஜார்ஜ் வால்ட் கண்டறிந்தது. செவ்வொளிக் கூம்பு செல்களில் நகர்வு இன்னும் பெரிது, புறஊதா உணரும் செல்களில் மிகச் சிறிது. கலங்கிய ஆற்றுநீரில் நீல ஒளி வடிந்து செவ்வொளியே மிஞ்சும் என்பதைச் சேர்த்து எழுதினால், கடலிலிருந்து ஆறேறும் சால்மனுக்கு ஏன் ஏ2 கூடுகிறது என்பது விளங்கிவிடும். நன்மையோடு நிறுத்தாதீர்கள். போர்ஃபைராப்சின் ஒளியின்றி வெப்பத்தாலேயே தூண்டப்படுவது அதிகம். மங்கிய ஒளியில் அந்தப் பொய்ச் சைகைகள் பார்வைக்குத் தடை.

நன்னீர் என்றாலே ஏ2 என்று எழுதுவது தவறு. ஏ1 மட்டும் கொண்ட நன்னீர் மீன்களும், இரண்டையும் கலந்து வைத்திருப்பவையும் உண்டு. அமெரிக்கக் காளைத்தவளையின் தலைப்பிரட்டையில் ஏ2 மிகுதி. உருமாறியதும் ஏ1 மேலோங்கும். ஆனாலும் வளர்ந்த தவளையின் விழித்திரை மேற்பகுதியில் ஏ2 தங்கிவிடுகிறது. நீர்மட்டத்தில் மிதக்கும்போது கீழேயுள்ள நீரைப் பார்ப்பது அந்தப் பகுதிதான் என்பது எவ்வளவு பொருத்தம்!

தைராய்டு ஹார்மோனில் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. டிரவுட் போன்ற மீன்களில் அது ஏ2வைக் கூட்டும், தலைப்பிரட்டையில் உருமாற்றத்தோடு குறைக்கும். ஏ1ஐ ஏ2 ஆக்கும் நொதி சிஒய்பி27சி1 என்பது 2015இல் வரிக்குதிரை மீனிலும் காளைத்தவளையிலும் நிறுவப்பட்டது. மனிதரில் இதே நொதி தோலில் வேலை செய்கிறது, கண்ணில் அல்ல.

செய்முறையில் வைட்டமின் ஏவை நிறத்தால் அளவிடும் கார்–பிரைஸ் சோதனை வரலாம். குளோரோஃபார்மில் கரைத்த ஆன்டிமனி டிரைகுளோரைடு சேர்த்தால் நீலம் தோன்றும். ஏ1ஐ 620, ஏ2வை 693 நானோமீட்டரில் அளவிட வேண்டும். சோதனைக்குழாயில் துளி ஈரம் இருந்தாலும் கரைசல் கலங்கி அளவு கெடும். நிறம் சில நொடிகளில் மங்கத் தொடங்குவதால், வினைப்பொருளை ஊற்றுவதற்கு முன்பே கருவியைச் சுழியில் அமைத்து வைத்திருங்கள்.