ஏர் ஸ்க்ரூ எத்தனை சுற்று? டூ வீலர் மெக்கானிக் பிராக்டிகல் அனுபவம்

நேற்று மதியம் ரிசல்ட் வந்தது. பாஸ். அம்மா பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேசரி கொடுத்துவிட்டார். எனக்கு இது இரண்டாவது முறை. போன முறை தியரி நல்ல மார்க், பிராக்டிகலில் போய்விட்டது. ஐடிஐ டூ வீலர் டிரேடில் அடுத்துப் போகிறவர்களுக்காக, எல்லாம் ஞாபகத்தில் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

போன முறை எனக்கு விழுந்த ஜாப் கார்புரேட்டர், அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம். கழற்றினேன், கழுவினேன், மாட்டினேன். வண்டி ஸ்டார்ட் ஆனது. ஆனால் ஸ்லோவில், அதாவது ஆக்ஸிலேட்டர் கொடுக்காமல், ஓடி நிற்கவில்லை. ஆக்ஸிலேட்டரை விட்டதும் அணைந்தது. எக்ஸாமினர் ஒன்றுதான் கேட்டார்: "ஏர் ஸ்க்ரூ எத்தனை சுற்றுல இருந்துச்சுப்பா?" ஸ்லோவில் பெட்ரோலோடு சேரும் காற்றின் அளவை வைக்கிற ஸ்க்ரூ அது. நான் எண்ணவே இல்லை. மிச்ச நேரம் முழுக்க அதைத் திருகித் திருகியே போனது. வருடம் முழுக்க வகுப்பில் யாரும் அதை எண்ணிக் கழற்றச் சொல்லவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அதனால் முதலில் இதுதான். ஏர் ஸ்க்ரூவைக் கழற்றுவதற்கு முன் உள்பக்கமாக மெதுவாகத் திருகி, அது உட்காரும்வரை எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். கால் சுற்றைக்கூட விடாதீர்கள். எண்ணியதை அப்போதே ஜாப் ஷீட் ஓரத்தில் எழுதுங்கள். பெரும்பாலான 100 சிசி வண்டிகளில் 1.5 முதல் 2.5 சுற்றுக்குள் வரும். உட்கார்ந்த பிறகு இறுக்கக் கூடாது, ஊசி முனை கெட்டுவிடும். இந்த ஒரு பத்தியை மட்டும் படித்துவிட்டுப் போனாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

இந்த வருடம் வீட்டிலேயே பழகினேன். அப்பாவின் பழைய ஸ்ப்ளெண்டர் நான்கு மாதம் ஓடாமல் நின்றிருந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதி வந்த பிறகு புது வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லை, இன்ஜெக்ஷன்தான், அதனால் பழைய வண்டி கிடைத்தால் விடாதீர்கள். சேண்பாக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் காலை ஐந்தரைக்கு உட்காருவேன். எட்டு மணிக்கு மேல் வேலூர் வெயிலில் பெட்ரோலைத் தட்டில் ஊற்றி வைக்க முடியாது, ஆவியாகிவிடும். வீட்டுக்குள் அடுப்பு இருக்கும் பக்கம் இந்த வேலையே வேண்டாம்.

அம்மா தூக்கிப் போட இருந்த ஓர் இட்லித் தட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். கழற்றுகிற வரிசைப்படி ஒவ்வொரு குழியிலும் ஒரு சாமான்: ப்ளோட் பின், நீடில் வால்வு, மெயின் ஜெட், ஸ்லோ ஜெட், ஏர் ஸ்க்ரூவும் அதன் ஸ்பிரிங்கும். (ப்ளோட் என்பது கப்பில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை, நீடில் வால்வு அதோடு சேர்ந்து பெட்ரோலை அடைப்பது, ஜெட் என்பது பெட்ரோல் போகும் பொடி ஓட்டையுள்ள திருகு.) மாட்டும்போது கடைசிக் குழியிலிருந்து திரும்பி வர வேண்டியதுதான். பரீட்சைக்கும் அதையே கொண்டுபோனேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

முதல் நாள் ப்ளோட் கப்பைத் திறந்ததும் அடியில் பச்சையும் மஞ்சளுமாகப் பிசின் மாதிரி படிந்திருந்தது. ஸ்லோ ஜெட்டை எடுத்து, மலைக்கு மேல் ஏறிய வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். இருட்டு. க்ளீனர் அடித்து, கால் மணி நேரம் ஊறவிட்டு, மறுபடி அடித்துக் காற்று ஊதினேன். அப்புறம் பார்த்தால் நடுவில் ஊசி முனையளவு வெளிச்சம், சுத்தமான வட்டமாக. அன்றைக்குத்தான் இந்த வேலை எனக்குப் பிடித்தது என்று சொல்வேன்.

கம்பி விட்டுக் குத்தாதீர்கள். காட்பாடியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் சொன்னார்: "கம்பி விட்டா ஓட்டை பெருசாயிடும் தம்பி, அப்புறம் அந்த ஜெட்மேல போட்டிருக்கிற நம்பருக்கு அர்த்தமே இல்ல." அடைப்பு போகவில்லை என்றால் மீன் தூண்டில் நரம்பு சரி. க்ளீனர் அடிக்கும் முன் ஓரிங்குகளை எடுத்துவிடுங்கள், ரப்பர் ஊதிப்போகும்.

வைவாவில் கேட்டவை, எனக்கும் நண்பர்களுக்கும்:

– சோக் (காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டுவது) போட்டால்தான் ஓடுகிறது, எடுத்தால் அணைகிறது. ஸ்லோ ஜெட் அடைப்பு.
– ஸ்லோவில் நன்றாக நிற்கிறது, வேகம் எடுத்தால் திணறுகிறது. மெயின் ஜெட்டைப் பாருங்கள்.
– ஓவர்ஃப்ளோ. நீடில் வால்வில் தூசி, இல்லையென்றால் ப்ளோட்டில் ஓட்டை.
– ஸ்லைடில் தொங்கும் ஜெட் நீடிலில் கிளிப்பை ஒரு வெட்டு மேலே போட்டால்? நீடில் கீழே இறங்கும், பெட்ரோல் குறையும்.
– பிளக் முனை கருப்பாகப் புகை படிந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்தால் காற்று அதிகம்.
– ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் மேலே ஏறும் ஸ்லைடின் வெட்டுப் பக்கம் ஏர் ஃபில்டரைப் பார்த்து இருக்க வேண்டும்.

கும்பலாக உட்கார்ந்து படிப்பது எனக்கு ஒத்துவராது. நான்கு பேர் சேர்ந்து ஒரு கார்புரேட்டரைப் பிரித்தால் ஒருவர் கைதான் பழகும். தனியாக, வாரம் இரண்டு தடவை செய்தேன். பத்தாவது தடவைக்குப் பிறகு கை தானாகப் போனது.

இந்த முறை வந்ததும் கார்புரேட்டர்தான். எண்ணிப் பார்த்தேன், ஒன்றே முக்கால். ஷீட் ஓரத்தில் எழுதினேன். மாட்டி முடித்து, பெட்ரோல் டேப்பைத் திறந்துவிட்டு, கப்பில் கசிகிறதா என்று ஐந்து நிமிடம் பார்த்த பிறகுதான் கிக்கரில் கால் வைத்தேன். இந்த ஐந்து நிமிடத்தை நீங்களும் விடாதீர்கள். இன்ஜின் சூடானதும் சோக்கை எடுத்தேன். ஸ்லோவில் நின்றது. எக்ஸாமினர் ஷீட் ஓரத்தைப் பார்த்துவிட்டு, வேறெதுவும் கேட்காமல் அடுத்த வண்டிக்குப் போனார்.