ஆறு செஷன் பார்த்தால் 'பகுதி நேரமா'?

இங்கிலாந்தின் குடும்ப மருத்துவத்தில் பெண்களின் எண்ணிக்கை 2014-லேயே ஆண்களைத் தாண்டிவிட்டது. அப்பாயின்ட்மென்ட் கிடைக்காத போதெல்லாம் பழி 'பகுதி நேரப் பெண் டாக்டர்கள்' மீது விழுவதும் வாடிக்கையாகிவிட்டது.

கணக்கைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். சம்பளத்துக்குப் பணியாற்றும் மருத்துவரின் வேலை அங்கே செஷனாக அளக்கப்படுகிறது: ஒரு செஷன் 4 மணி 10 நிமிடம், ஒன்பது செஷன் சேர்ந்தால் முழு நேரம், அதாவது வாரத்துக்கு 37.5 மணி. ஆறு செஷன் பார்ப்பவர் தாளில் 25 மணி நேர ஊழியர்தான். ஆனால், ஆளுக்குப் பத்து நிமிடம் என்று நோயாளிகளைப் பார்த்து முடித்த பிறகும் திரையில் குவிந்து கிடக்கும் இரத்தப் பரிசோதனை முடிவுகளையும் மருத்துவமனைக் கடிதங்களையும், பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு மடிக்கணினியில் தீர்ப்பவர்கள் பலர். அங்கே பணிபுரியும் என் தோழி, தன் விடுமுறை நாளைக் 'கடிதம் பார்க்கும் நாள்' என்றே சொல்வாள்.

ஆண்களும் செஷன்களைக் குறைத்துக்கொள்கிறார்கள். அதை யாரும் ஆண்களின் பிரச்சினையாகப் பேசுவதில்லை. எனக்கு நியாயமாகப் படும் குறை ஒன்றுதான்: நாள்பட்ட நோயாளி ஒவ்வொரு முறையும் புதியவரிடம் கதையை முதலிலிருந்து சொல்ல நேர்கிறது. இரண்டு மருத்துவர்கள் ஒரே நோயாளிகளைப் பகிர்ந்துகொண்டு, கிழமை மாற்றி அமர்ந்தால் அதையும் பெருமளவு தவிர்க்கலாம்.