எங்கே வெட்டுவது: ஒரு ப்ராஜெக்ட் நாட்குறிப்பு

2024 ஏப்ரல் 8

குடியாத்தத்திலிருந்து காட்பாடி வரை ரயிலில் நின்றுகொண்டே வந்தேன். இன்று முதல் ரெவ்யூ. முழு வைரஸை விட்டுவிட்டு, அதன் ஒரு புரதத்தை மட்டும் தயாரித்து ஊசியில் போடுவது துணையலகுத் தடுப்பூசி. கொரோனாவுக்கு அப்படி எந்தப் புரதத்தை எடுக்கலாம் என்று கணினியில் பார்த்துச் சொல்வதுதான் என் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்.

வைரஸின் உடம்பைக் கட்டும் புரதங்கள் நான்கு: ஸ்பைக், என்வலப், மெம்பிரேன், நியூக்ளியோகேப்சிட். நான்கையும் மென்பொருளில் போட்டேன். நியூக்ளியோகேப்சிட்டுக்கு மதிப்பெண் அதிகம். ஸ்பைக் அளவுக்கு உருமாறாது, நோய் வந்தவர்கள் ரத்தத்தில் அதற்கு எதிர்ப்பொருளும் ஏராளம். தைரியமாக அதையே எழுதிக்கொண்டு போனேன்.

என் கைடு மேடம் ஒரே கேள்விதான் கேட்டார். “அது வைரஸுக்குள்ள எங்கம்மா இருக்கு?”

உள்ளே, ஆர்.என்.ஏ.வைப் பொதிந்துகொண்டு. எதிர்ப்பொருள் செல்லுக்கு வெளியே மிதப்பது. வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பிடித்தால்தான் வைரஸை மறிக்க முடியும். இரண்டாம் செமஸ்டரில் படித்த பாடம். மென்பொருள் ஒரு எண்ணைக் காட்டியதும் மறந்துபோயிருக்கிறது. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, சிரித்துவிட்டார்.

ஏப்ரல் 12

நியூக்ளியோகேப்சிட்டை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. தொற்றிய செல் அதன் துணுக்குகளை வெளியே காட்டும், உடம்பின் காவல் அணுக்களான டி-செல்கள் அதை வைத்து அந்தச் செல்லை அழிக்கும். என் கட்டுரையில் அதற்கு ஒரு பத்தி. புரதம் ஒரு மாலை என்றால் அமினோ அமிலங்கள் அதன் மணிகள்; என்வலப்பில் 75தான். அதுவும் மெம்பிரேனும் பெரும்பாலும் உறைக்குள் புதைந்தவை. ஆளுக்கு ஒரு வரி.

மிச்சம் ஸ்பைக். 1273 அமினோ அமிலம், மூன்று மூன்றாகச் சேர்ந்து நிற்கிறது, ஒவ்வொன்றிலும் 22 இடங்களில் சர்க்கரைச் சங்கிலிகள். இது எலிப்பொறி மாதிரி: செல்லோடு ஒட்டும்போது படாரென்று உருவம் மாறிவிடும். விழுந்துவிட்ட பொறியைக் காட்டி உடம்பைப் பழக்கினால் என்ன பயன்? அதனால் 986, 987 இரண்டு இடங்களிலும் புரோலின் என்ற விறைப்பான அமினோ அமிலத்தை வைத்து, பொறியை விழாமல் பிடித்துவைக்கிறார்கள். கொரோனாவின் உறவான மெர்ஸ் வைரஸில் முன்பே கற்ற உத்தி. நோவாவேக்ஸ் நிறுவனம் இப்படித்தான் முழு ஸ்பைக்கையும் பூச்சி செல்களில் வளர்க்கிறது. நம் ஊரில் அதன் பெயர் கோவோவேக்ஸ்.

ஏப்ரல் 14

புத்தாண்டு. வேப்பம்பூ பச்சடி, வடை, பாயசம். தம்பிக்கு 2022இல் பள்ளியில் போட்டது கோர்பிவேக்ஸ். “அதுல என்னக்கா இருந்துச்சு?” என்றான். ஸ்பைக்கின் நுனியில் ஒரு துண்டு, அவ்வளவுதான். நம் செல்லில் இருக்கும் ஏ.சி.இ.2 என்ற புரதத்தைத் தொடுகிற துண்டு, ஆர்.பி.டி. என்பார்கள். வைரஸை மறிக்கும் எதிர்ப்பொருள்களில் பெரும்பகுதி அதைத்தான் பிடிக்கிறது. டெக்சாஸில் வடிவமைத்து, ஹைதராபாத்தில் ஈஸ்ட்டில் வளர்த்தது. “தோசை மாவுல வளர்றதா?” என்றான். மாவிலும் ஈஸ்ட் கொஞ்சம் உண்டு, ஆனால் இது வேறு ஆள் என்று சொல்லிப் பார்த்தேன். பாயசத்துக்குப் போய்விட்டான்.

ஏப்ரல் 19

காலையிலேயே ஓட்டுப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஆர்.பி.டி. என்று முடிவாகிவிட்டது. ஸ்பைக் வரிசையில் அதை எந்த எண்ணில் தொடங்கி எந்த எண்ணில் வெட்டுவது என்பதில் மாட்டிக்கொண்டேன்.

பாடப்புத்தக எல்லை 319 முதல் 541 வரை. நானும் அப்படியே வெட்டினேன். ஆராய்ச்சி மாணவி அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் உடனே பதில்: “சிஸ்டீனை எண்ணிப் பாத்தியா?” எண்ணினேன், ஒன்பது. சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்கள் இரண்டிரண்டாகக் கைகோத்துத்தான் புரதத்தின் மடிப்பைப் பிடித்துவைக்கும். எட்டுப் பேர் நான்கு ஜோடி. 538ஆவது ஆள் தனி. அதன் ஜோடி 590இல், நான் வெட்டிப் போட்ட பக்கம். தனியாய் நிற்கும் சிஸ்டீன் சும்மா இருக்காது, பக்கத்து மூலக்கூறின் கையைப் பிடிக்கும். புரதம் கட்டிகட்டியாகத் திரளும்.

அப்புறம்தான் மற்றவர்கள் வெட்டியதைத் திரும்பப் பார்த்தேன். கோர்பிவேக்ஸை வடிவமைத்த டெக்சாஸ்காரர்கள் 538ஐ, கைகோக்காத அமினோ அமிலமான அலனினாக மாற்றியிருக்கிறார்கள். சர்க்கரை ஏறும் 331ஐயும் விட்டுவிட்டு 332இல் தொடங்கியிருக்கிறார்கள், ஏனென்றால் ஈஸ்ட் சர்க்கரையை அள்ளிப் பூசும். சீனாவின் இசட்.எஃப்.2001 தடுப்பூசி சரியாக 537இல் நிறுத்திவிட்டு, அதே துண்டை இன்னொரு முறை ஒட்டி இரட்டையாக்கியிருக்கிறது. ஒற்றைத் துண்டு சிறியது, உடம்பு அதிகம் கண்டுகொள்ளாது என்பதால் அந்த இரட்டை. கோர்பிவேக்ஸில் அந்த வேலையை கூடச் சேர்க்கும் தூண்டிகளான அலுமினியம் உப்பும் சி.பி.ஜி.யும் செய்கின்றன.

மூன்று மாதமாக 537 என்ற எண்ணைக் கட்டுரைகளில் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். ஏன் 537 என்று ஒருநாளும் கேட்கவில்லை.

ஏப்ரல் 24

பாகாயம் பஸ் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை வாசலில் பத்து நிமிடம் நகரவில்லை. 1986இல் சென்னையிலிருந்து வந்த ரத்த மாதிரிகளில் எச்.ஐ.வி. இருப்பது, இந்தியாவிலேயே முதலாவதாக, இங்கேதான் பரிசோதனையில் தெரிந்தது. அந்த வைரஸுக்கும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் புரதம் உண்டு, எது என்றும் எல்லோருக்கும் தெரியும். சர்க்கரைப் போர்வையும் ஓயாத மாற்றமுமாக இன்னும் தடுப்பூசி இல்லை. வெயிலில் இதை யோசித்துக்கொண்டு வந்ததில் என் ஆர்.பி.டி. மேல் நம்பிக்கை கொஞ்சம் இறங்கியது.

ஏப்ரல் 27

நேற்று உலக சுகாதார நிறுவனக் குழு, இனி தடுப்பூசியில் ஒமைக்ரானிலிருந்து வந்த ஜே.என்.1 வழி வைரஸை வைக்கலாம் என்று பரிந்துரைத்திருக்கிறது. என் கோப்பில் இருப்பது வூஹான் வைரஸ். எதிர்ப்பொருள் அதிகம் பிடிக்கும் துண்டுதான் அதிகம் மாறுகிறது. பிடிபடாமல் தப்பியதுதானே பிழைக்கிறது. மாறாத பகுதி வேண்டுமென்றால் ஸ்பைக்கின் அடித்தண்டு இருக்கிறது, ஆனால் அங்கே பிடிக்கும் எதிர்ப்பொருள்கள் பொதுவாக அவ்வளவு வலுவாக மறிப்பதில்லை. மேடம் சொன்னது: “சீக்வன்ஸை மாத்து, வெட்டை மாத்தாதே.”

ஏப்ரல் 30

சீக்வன்ஸை, அதாவது அமினோ அமில வரிசையை, ஜே.என்.1க்கு மாற்றினேன். ப்ரோக்ராமும் சமர்த்தாக 538ஐ எண்ணி அலனினாக்கியது. சிஸ்டீன் எண்ணினால் இன்னும் ஒன்பது! ஜே.என்.1இல் 483ஆவது அமிலமே இல்லை. அதற்கு முன்னாலும் சில விழுந்து, சில புதிதாய் நுழைந்திருக்கின்றன. எண் நகர்ந்துவிட்டது. பழைய எண்ணை நம்பி, சம்பந்தமே இல்லாத வேறொரு அமிலத்தை மாற்றி வைத்திருக்கிறேன்.

இப்போது எண்ணைத் தேடுவதில்லை, அக்கம்பக்கத்தைத் தேடுகிறேன்: லைசின், அஸ்பரஜின், லைசின், அடுத்து நிற்பதுதான் அந்தத் தனி சிஸ்டீன்.

மே 4

அக்னி நட்சத்திரம் தொடக்கம். லேப் ஏ.சி. இரண்டு நாளாக ஓடவில்லை, கம்ப்யூட்டரைவிட எனக்குத்தான் சூடு அதிகம். நாளை மறுநாள் வைவா. நியூக்ளியோகேப்சிட்டின் முதல் மதிப்பெண் பட்டியலைப் பின்னிணைப்பில் விட்டுவைத்திருக்கிறேன். எடுத்துவிடலாமே என்றார் அக்கா. மேடம் இருக்கட்டும் என்றார்.